தூரம் சரி, நேரக் கணக்குதான் உதைக்கிறது
கொழும்பு கட்டுநாயக்காவிலிருந்து மாலத்தீவின் மாலே வேலானா விமான நிலையம் சுமார் 775 கிலோமீட்டர், விமான வேகம் மணிக்கு 800 கிலோமீட்டர், அதனால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். தூரம் சரி. ஆனால் மணிக்கு 800 கிலோமீட்டர் வேகம் என்பது விமானம் உயரத்துக்குப் போன பிறகுதான். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு, ஓடுபாதைக்கு ஊர்ந்து போகிற நேரம் வேறு. டிக்கெட்டில் சுமார் ஒன்றரை மணி நேரம் என்று போடுவது அதனால்தான்.

மாலத்தீவு நேரம் இலங்கையைவிட அரை மணி பின்னால் என்பதையும் சேர்த்திருக்க வேண்டும். காலை 10 மணிக்குக் கிளம்பினால் 11 மணிக்கு இறங்குவதாக டிக்கெட் காட்டும். திரும்பும்போது அதே பயணம் இரண்டு மணி நேரம்போலத் தெரியும்.

வடசென்னையில் எங்கள் திருவொற்றியூர், தண்டையார்பேட்டை பக்கத்துப் பிள்ளைகள் ரிசார்ட் வேலைக்கு இந்த வழியாகப் போகிறார்கள். அவர்களுக்கு இறங்கிய பிறகு இருக்கும் வழிதான் பெரிய கவலை. வேலானா இருப்பது ஹுல்ஹுலே என்ற தனித் தீவில். மாலே நகருக்கு 2018 முதல் பாலம் இருக்கிறது, சரி. தூரத்துத் தீவு என்றால் படகு, உள்நாட்டு விமானம் அல்லது கடல் விமானம். கடல் விமானம் பகலில் மட்டும்தான் பறக்கும். பொழுது சாய்ந்து இறங்கி அதைப் பிடிக்க முடியாமல் போனால் ராத்திரி தங்க வேண்டியதுதான். கையில் கொஞ்சப் பணத்தோடு முதல் முறை போகிற பையனுக்கு அது எவ்வளவு பெரிய செலவு!

எங்கள் பக்கத்து விம்கோ நகரிலிருந்து மெட்ரோவில் மீனம்பாக்கம் விமான நிலையம் போகவே ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிறது. அப்புறம் கொழும்பில் விமானம் மாற வேண்டும். தயவுசெய்து உள்ளூர் நேரத்தையும் கடல் விமான விஷயத்தையும் கட்டுரையில் சேர்த்துவிடுங்கள். இதைப் படித்துத்தான் பலர் டிக்கெட் எடுப்பார்கள்.