இடிப்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது

தம்பி மகன் விடுமுறைக்கு வந்திருக்கிறான். 12 வயது. வந்த அன்று மாலையே இருவரும் எஃப்-ஸீரோ ஜிஎக்ஸ் என்ற நின்டெண்டோவின் அதிவேக வண்டிப் பந்தய வீடியோ விளையாட்டை விளையாட உட்கார்ந்தோம். பந்தயம் தொடங்கிப் பத்து நொடிகூட ஆகியிருக்காது, அவன் வண்டி பம்பரமாகச் சுழல ஆரம்பித்துவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. யார் மீதாவது பட்டதா என்றால் இல்லை. மற்ற வண்டிகள் எல்லாம் கடந்து போன பிறகும் வெறும் தடத்தில் சுழன்றுகொண்டிருந்தான். முதல் சுற்று முடியும்போது 28ஆவது இடம். "பெரியப்பா, இந்த விளையாட்டில் அடிப்பதெல்லாம் வீண். ஒரு பயனும் இல்லை" என்று தீர்ப்பும் எழுதிவிட்டான்.

இதே தீர்ப்பை நாற்பது வயதுக்காரர்களிடமும் கேட்டிருக்கிறேன். "பந்தயம் என்றால் ஓட்டத் தெரிய வேண்டும், இடிப்பது எதற்கு" என்று ஒரு நண்பர் என்னிடம் ஒரு மணி நேரம் வாதாடினார். அவரிடம் அன்று எனக்குச் சொல்ல வராததைத்தான் இங்கே எழுதுகிறேன். அதனால் கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1990இல் வந்த முதல் எஃப்-ஸீரோவில் மோதல் உண்டு. ஆனால் மோதுவதற்கென்று தனியாக ஒரு பொத்தான் கிடையாது. வண்டிகள் உரசும், பொறி பறக்கும், சக்தி குறையும், அவ்வளவுதான். 1998இல் நின்டெண்டோ 64க்கு வந்த எஃப்-ஸீரோ எக்ஸ்தான் அடிதடியை முறைப்படி சேர்த்தது. ஒரே தடத்தில் 30 வண்டிகள். தோள்பட்டையால் இடிப்பது போலப் பக்கவாட்டில் பாய்வது ஒன்று, நின்ற நிலையில் சாட்டை வீசுவது போல வண்டியையே சுழற்றுவது இன்னொன்று. விளையாட்டு இவற்றுக்கு சைடு அட்டாக், ஸ்பின் அட்டாக் என்று பெயர் வைத்திருக்கிறது. பக்க இடி, சுழல் அடி என்று நான் சொல்லிக்கொள்கிறேன். அந்த விளையாட்டில் டெத் ரேஸ் என்று ஒரு பிரிவும் உண்டு. மற்ற 29 பேரையும் ஒழித்துக்கட்டுவது ஒன்றுதான் அதில் வேலை. எத்தனையாவது இடம் என்ற கேள்வியே கிடையாது. இடிக்கப் பழக இதைவிட நல்ல களம் இந்த வகை விளையாட்டுகளில் எனக்குத் தெரிந்து இல்லை.

ஜிஎக்ஸ் 2003இல் நின்டெண்டோவின் கேம்கியூப் கருவிக்கு வந்தது. செய்தவர்கள் சேகாவின் அம்யூஸ்மென்ட் விஷன் குழுவினர். பத்து வருடம் முன்பு வரை ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்த இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து ஒரு விளையாட்டைக் கொண்டுவந்த கதை தனி. 2025 ஜூனில் நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கருவி வெளியானபோது பழைய கேம்கியூப் விளையாட்டுகளோடு இதையும் சேர்த்ததால்தான் என் தம்பி மகன் போன்றவர்கள் கையில் இப்போது கிடைக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்த விளையாட்டில் உங்கள் உயிரும் எரிபொருளும் ஒரே பட்டை. சுவரில் உரசினால் அது குறையும். இன்னொருவன் இடித்தால் குறையும். முதல் சுற்று முடிந்தபின், திடீர் வேகம் தரும் பூஸ்டை அழுத்தினாலும் அதே பட்டைதான் கரையும். மாதச் சம்பளம் ஒன்று, அதில்தான் வாடகை, அதில்தான் மருந்து, அதில்தான் தீபாவளி என்ற நிலை. இப்படி இருக்கும்போது கோபத்தில் எவனையோ இடிப்பது, கடன் வாங்கிப் பட்டாசு வெடிப்பது போலத்தான். இடி விழாமல் தவறினால் வேகம் போகும், சுவரில் மோதினால் சக்தி போகும். ஒழிய வேண்டியவனோ முன்னால் போய்க்கொண்டிருப்பான்.

ஆகவே முதல் கேள்வி, யாரை இடிப்பது? பக்கத்தில் வந்தவனை என்பதுதான் பெரும்பாலானவர்களின் பதில். என் பதில், புள்ளிப் பட்டியலில் உங்களுக்கு மேலே இருப்பவனை. கிராண்ட் ப்ரீ என்பது ஒரு பந்தயம் இல்லை. ஜிஎக்ஸில் ஒரு கோப்பைக்கு ஐந்து பந்தயங்கள், புள்ளிகள் கூடிக்கொண்டே போகும். மூன்றாவது பந்தயத்தில் நீங்கள் நான்காவதாக வந்தாலும், முன்னணியில் இருப்பவன் பாதி வழியில் வெடித்துச் சிதறிவிட்டால் அவன் கணக்கு அங்கேயே நின்றுவிடுகிறது. முதலாவதாக வருவதைவிட இது சில நேரம் அதிக லாபம். 17ஆவது இடத்தில் தடுமாறிக்கொண்டிருப்பவனை அழித்து உங்களுக்கு என்ன ஆகப்போகிறது? ஐந்து பேரை ஒழித்தால் ஒரு மாற்று வண்டி கிடைக்கும், அது உண்மை. கடினமான நிலையில் விளையாடும்போது அந்த ஒரு வண்டி தெய்வம் மாதிரி. ஆனால் அதற்காகவே அலைந்து ஐந்தாவது ஆளைத் துரத்தும்போது தானே பள்ளத்தில் விழுந்தவர்கள் நிறைய. அந்தப் பட்டியலில் நானும் உண்டு.

அடுத்து, எங்கே இடிப்பது? இதில்தான் நான் பல மாதங்கள் வீணடித்தேன். நேர்ச்சாலையின் நடுவில், இரண்டு பக்கமும் இடம் இருக்கும்போது இடித்தால், அவன் நகர்வான், நீங்களும் நகர்வீர்கள், இருவரும் தொடர்ந்து ஓடுவீர்கள். ஒரு இடி மட்டும் யாரையும் கொல்வது அபூர்வம். கொல்வது சுவர்தான். சுவர் இல்லாத இடத்தில் பள்ளம். ஆகவே எதிரி, உங்களுக்கும் சுவருக்கும் நடுவில் வரும்வரை பொத்தானைத் தொடக்கூடாது.

நான் செய்வது இதுதான். வளைவு வருவதற்குச் சற்று முன்பு, இன்னும் நேர்ச்சாலை மிச்சம் இருக்கும்போதே அவனுக்கு இணையாக ஏறிவிடுகிறேன். என் வண்டி உள்பக்கம், அவன் வெளிப்பக்கம். மூக்கும் மூக்கும் சமமாக இருக்கக் கூடாது. அவன் வண்டியின் நடுப்பகுதிக்கு நேராக என் மூக்கு இருக்க வேண்டும். இடது கட்டைவிரலால் குச்சியை அவன் பக்கம் சாய்த்து, பக்க இடிக்கான எக்ஸ் பொத்தானை அழுத்துகிறேன். அவன் வெளிச்சுவரில் போய் விழும்போது நான் ஏற்கெனவே வளைவுக்குத் திரும்பத் தொடங்கியிருப்பேன். தவறினாலும் எனக்குத் திருத்திக்கொள்ள இடம் இருக்கிறது. வளைவின் நடுவில் இடிப்பவர்களுக்கு அந்த இடம் இருக்காது. இடித்த கையோடு சுவரில் அப்பளமாகிவிடுவார்கள்.

இதை ஸ்லிம்-லைன் ஸ்லிட்ஸ் மாதிரி தடங்களில் செய்வது வேறு வகைத் துணிச்சல். பேண்டம் ரோடு என்ற இடத்தில் இருக்கும் அந்தத் தடம் ஒடுக்கம். நடுவில் பிளவுகள். ஓரத்தில் பிடித்து நிறுத்த ஒன்றும் கிடையாது. அங்கே ஒரே ஒரு பக்க இடி போதும், எதிரி வானத்தில் மிதப்பான். தவறினால் நீங்கள் மிதப்பீர்கள். ஒருமுறை கடைசிச் சுற்றில் இரண்டாவது இடத்தில் இருந்தேன். முன்னால் ஒருவன். இணையாக வந்துவிட்டேன். பொறுத்திருந்தால் கோப்பை எனக்கே. ஆனால் விரல் கேட்கவில்லை. எக்ஸ். அந்த நொடியில் அவன் சற்று வேகம் குறைத்தான். என் வண்டி அவன் மூக்கைக்கூடத் தொடாமல் குறுக்கே பாய்ந்து விண்வெளிக்குப் போனது. திரை இருண்டபோது என் முகம் அதில் தெரிந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

எப்போது என்ற கேள்விக்கு நான் அதிகம் யோசிப்பதில்லை. முதல் சுற்றில் பூஸ்ட் கிடையாது, எல்லோரும் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பார்கள், அப்போது. கடைசிச் சுற்றில் மிச்சமிருக்கும் சக்தியெல்லாம் பூஸ்டுக்கு. அதில் போய் இடித்துக்கொண்டிருப்பது முட்டாள்தனம்.

சுழல் அடியைப் பற்றி ஒரு சொல். அது தாக்குதல் ஆயுதம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அது விடுதலைப் பத்திரம். கேம்கியூப் கட்டுப்பாட்டுக் கருவியில் அதற்கான இஸட் பொத்தான் வலது தோளில் மெல்லிய சில்லு போல இருக்கும், அவசரத்தில் விரல் தேடும். மூன்று வண்டிகள் சுற்றி வளைத்து உங்களைச் சுவரோடு தேய்க்கும்போது அதைத் தேடிப் பிடித்து அழுத்துங்கள். வேகம் குறையும், ஆனால் நெரிசலிலிருந்து வெளியே வந்துவிடுவீர்கள். ஆள் இல்லாத இடத்தில் சுழல்வது, என் தம்பி மகன் செய்தது போல, தனக்குத்தானே பிரேக் போட்டுக்கொள்வது.

எடையை மறந்துவிடக் கூடாது. ப்ளூ ஃபால்கன் என்ற வண்டி 1260 கிலோ. பிளாக் புல் 2340 கிலோ. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கிங் மீட்டியோர் வெறும் 860 கிலோ. கிங் மீட்டியோரில் ஏறிக்கொண்டு பிளாக் புல்லை இடிப்பேன் என்பவரை நான் தடுக்க மாட்டேன், வேடிக்கை பார்ப்பேன். இலகுவான வண்டியில் இருப்பவர்களுக்கு இடிப்பதைவிட இடி வாங்காமல் தப்புவதுதான் கலை. கனமான வண்டி பூஸ்டில் சோம்பேறி. பிளாக் புல்லுக்கு உடல் உறுதியில் உச்ச மதிப்பான ஏ, பூஸ்டில் கடைசி மதிப்பான ஈ. அதை வைத்திருப்பவன் இடித்துத்தான் பிழைக்க வேண்டும். வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போதே நீங்கள் எந்த வகைச் சண்டைக்காரர் என்பது பாதி முடிவாகிவிடுகிறது.

இன்னொரு அதிவேகப் பந்தய விளையாட்டான வைப்அவுட்டின் பிரியர்கள் இப்போது கோபப்படுவார்கள். 1995இல் லிவர்பூலிலிருந்து சிக்னோசிஸ் நிறுவனம் கொண்டுவந்த அந்த விளையாட்டின் மீது எனக்கும் மரியாதை உண்டு. அதன் இசைக்காகவே ஒரு காலத்தில் தொலைக்காட்சியை அணைக்காமல் வைத்திருந்தேன். ஆனால் அங்கே ஆயுதம் தரையில் கிடக்கிறது. அதன் மேல் ஓடினால் ஏதோ ஒன்று கிடைக்கும். ராக்கெட்டா, கண்ணிவெடியா என்பது அதிர்ஷ்டம். முதல் பாகத்தில் யாரையும் அழிக்கக்கூட முடியாது, தாமதப்படுத்தத்தான் முடியும். 1996இல் வந்த வைப்அவுட் 2097தான் வண்டிகள் வெடிக்கும் நிலையைக் கொண்டுவந்தது. எஃப்-ஸீரோவில் ஆயுதம் உங்கள் உடம்பு. எப்போதும் கையில் இருக்கிறது. எடுத்துப் பயன்படுத்தினால் விலையும் நீங்களே கொடுக்கிறீர்கள். எனக்கு அது நேர்மையான சண்டையாகத் தெரிகிறது.

வைப்அவுட் வரிசையில் என்னைத் தலை வணங்க வைத்த ஒரே விஷயம், 2005இல் பிஎஸ்பி என்ற கையடக்கக் கருவிக்கு வந்த வைப்அவுட் ப்யூரில் இருந்தது. கையில் கிடைத்த ஆயுதத்தைச் சுடலாம், அல்லது உறிஞ்சி உங்கள் கவசத்தை நிரப்பிக்கொள்ளலாம். முன்னால் போகிறவனை அடிப்பதா, நம் உயிரைக் காப்பதா? அந்த ஒரு தேர்வு வந்ததும் அதிர்ஷ்டம் கணக்காக மாறிவிடுகிறது. கண்ணிவெடி கிடைத்தால் மட்டும் நான் உறிஞ்சுவதில்லை. மேலே ஏறினால் வேகம் கூட்டும் வேகத்தட்டுகளுக்கு நேரே போட்டுவிட்டுப் போவேன். எல்லோரும் அந்தத் தட்டில்தான் ஏற வருவார்கள். ஆசைக்குக் குறுக்கே வைத்த பொறி வீணாவதில்லை.

2023 செப்டம்பரில் வந்த எஃப்-ஸீரோ 99ஐப் பற்றிச் சொல்லாவிட்டால் இளைஞர்கள் விடமாட்டார்கள். 1990இன் நான்கு வண்டிகள், 99 மனிதர்கள். இங்கே எதிரில் இருப்பது கணினி இல்லை என்பதால் சண்டையின் சுவையே வேறு. ஒருவனை ஒழித்தால் உங்கள் சக்திப் பட்டை நீளும், நிரம்பவும் செய்யும். மோதலில் சிதறும் மஞ்சள் பொறிகளைப் பொறுக்கிச் சேர்த்தால் எல்லோர் தலைக்கும் மேலே ஓடும் வானச்சாலைக்குப் போகலாம். அதாவது இங்கே இடிப்பவனுக்குச் சம்பளமும் உண்டு, போனஸும் உண்டு. நான் இதில் காத்திருக்கும் இடம், சக்தி நிரப்பும் பட்டைக்குச் சற்று முன்னால். அங்கே வந்து சேர்கிறவர்கள் பூஸ்ட் அடித்து அடித்துக் காலியாகி, நாக்குத் தள்ளி, நிரப்பிக்கொள்ளத்தான் வருகிறார்கள். அதிலும் மஞ்சள் கோல்டன் ஃபாக்ஸ் என்றால் உடம்பு பலவீனம் என்று தெரியும். குளத்தங்கரைக் கொக்கு மாதிரி நின்று ஒரே ஒரு சுழல். கொடூரம் என்கிறீர்களா? என்னை அதே இடத்தில் எத்தனை பேர் கொத்தியிருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

"ஓட்டத் தெரிந்தவனுக்கு இடி தேவையில்லை" என்ற நண்பருக்கு என் பதில் இதுதான். இணையாக ஏறுவதற்கு ஓட்டத் தெரிய வேண்டும். உள்பக்கத்தைப் பிடிப்பதற்கு ஓட்டத் தெரிய வேண்டும். இடித்த பிறகும் வளைவை எடுப்பதற்கு இன்னும் நன்றாக ஓட்டத் தெரிய வேண்டும். இடிக்கத் தெரியாதவர்களில் பாதிப் பேருக்குத் தடம் தெரியாது, அவ்வளவுதான்.

இவ்வளவு கணக்கும் சொன்ன பிறகு ஓர் உண்மையையும் ஒப்புக்கொள்கிறேன். ஜிஎக்ஸில் சாமுராய் கோரோ என்று ஒரு போட்டியாளன் இருக்கிறான். ஃபயர் ஸ்டிங்ரே அவன் வண்டி, 1960 கிலோ. நான் எப்போதும் ப்ளூ ஃபால்கன். அவன் புள்ளிப் பட்டியலில் எங்கே இருக்கிறான் என்று பார்ப்பதில்லை, வளைவா நேர்ச்சாலையா என்று பார்ப்பதில்லை, எந்தச் சுற்று என்றும் பார்ப்பதில்லை. அந்த இளஞ்சிவப்பு வண்டி திரையில் தெரிந்தால் விரல் தானாக எக்ஸுக்குப் போகிறது. எடைக் கணக்குப்படி பெரும்பாலும் சுவரில் தேய்வது நான்தான். தம்பி மகன் இதை நேற்று கவனித்துவிட்டான். என்னைத் திரும்பிப் பார்த்தான். இதுவரை ஒன்றும் கேட்கவில்லை.