நாயோடு திருகோணமலைக்கு வருகிறவர்களுக்கு

சித்திரை வருசம் முடிந்து கடல் அடங்கியதும் எங்கள் ஊருக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். புரட்டாதி வரைக்கும் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் வான்கள் வரிசையாக நிற்கும். முன்பெல்லாம் அதற்குள் சோற்றுப் பானையும் பாயும் பிள்ளைகளும்தான் இருக்கும், இப்போது நாயும் வருகிறது. கொழும்பிலிருந்து வருகிறவர்கள் மட்டும் இல்லை, யாழ்ப்பாணம், வவுனியா ஆட்களும் கூட்டி வருகிறார்கள்.

எனக்கு அது சந்தோசம். நாயைக் கொல்லையில் கட்டிப்போட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் “ஒரு நேரம் சோறு வையுங்கோ” என்று சொல்லிவிட்டு நாலு நாள் ஊர் சுற்றப் போவதைவிட, அதையும் ஏற்றிக்கொண்டு வருவது எவ்வளவோ மேல். கடற்கரையில் நாய் ஓடுவதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டு வீமன் நாட்டு நாய், வயது போய்விட்டது, இன்றைக்கும் ஈர மணலில் கால் பட்டவுடன் குட்டியாகிவிடுவான். நண்டு வளைக்குள் மூக்கை விட்டு, மணலைத் தும்மி, அடுத்த வளைக்கு ஓடுவான். அது அவனுக்குக் கிடைக்கிற பெரிய சுகம், அதை இல்லையென்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் ஒன்றை நேராகவே சொல்லிவிடுகிறேன். நாயைக் கூட்டி வந்தால் அந்தப் பயணத்தின் மணிக்கூடு நாயுடையதாக இருக்க வேண்டும். நாம் பார்க்க நினைத்த இடங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு நாயை அதற்குள் திணிக்க முடியாது. பட்டியலில் பாதியை விடத் தயார் என்றால் வாருங்கள், இல்லையென்றால் நம்பிக்கையான ஒருவரிடம் விட்டுவிட்டு வாருங்கள். இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஒவ்வொரு சீசனிலும் கோட்டைப் பக்கம் அதே காட்சியைத்தான் பார்க்கிறேன். பகல் பதினொரு மணி, வெயிலில் ஒரு வான், கண்ணாடி இரண்டு விரல் அளவு இறக்கியிருக்கும், அந்த இடைவெளியில் ஒரு நாயின் மூக்கு. உள்ளே கண்ணாடி முழுக்க எச்சில் வழிந்து காய்ந்திருக்கும். வீட்டு ஆட்கள் கோணேசரைக் கும்பிடப் போயிருப்பார்கள். கேட்டால் “பத்து நிமிசம்தானே அக்கா, கண்ணாடி திறந்துதானே விட்டனாங்கள்” என்பார்கள்.

அந்தப் பத்து நிமிசத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். பூட்டிய வாகனத்துக்குள் முதல் பத்து நிமிடத்திலேயே வெப்பம் ஏறக்குறைய 10 பாகை கூடிவிடும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி விடுவதால் அது பெரிதாகக் குறையாது. வெளியே 33 பாகை என்றால் உள்ளே 43. நமக்கு உடம்பெல்லாம் வியர்த்துச் சூடு இறங்கும். நாய்க்குப் பாதத்தில் மட்டும்தான் கொஞ்சம் வியர்க்கும், மிச்சச் சூடு முழுவதையும் நாக்கை நீட்டி இளைத்து இளைத்தே வெளியே தள்ள வேண்டும். சுற்றியிருக்கிற காற்றே கொதித்தால் எப்படித் தள்ளும்? நாயின் சாதாரண உடல் வெப்பம் 38 முதல் 39 பாகை வரை, 41 தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். பக் மாதிரித் தட்டை மூக்கு நாய்கள் இன்னும் சீக்கிரம் விழுந்துவிடும், அவற்றால் நன்றாக இளைக்கவே முடியாது.

அதிலும் எங்கள் ஊர் வெயில் வேறு மாதிரி. கடல் அமைதியாக இருக்கிற அதே மாதங்களில்தான் கச்சான் காற்று அடிக்கும். மேற்குப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு மலையைத் தாண்டிக் காய்ந்து வருகிற காற்று. கடற்கரையில் நிற்கும்போது காற்று அடிக்கிறதே, குளிர்மைதானே என்று தோன்றும். மணலைத் தொட்டுப் பாருங்கள். புறங்கையை மணலில் வைத்து ஏழு வினாடி தாங்க முடியாவிட்டால் நாயின் பாதத்துக்கும் அது சூடுதான். காலை ஒன்பது மணிக்கே நிலாவெளி மணல் அந்த நிலைக்கு வந்துவிடும் நாட்கள் உண்டு. நாம் செருப்போடு நடக்கிறோம், அது வெறுங்காலோடு வருகிறது.

ஆகவே நடப்பதென்றால் விடியற்காலை. ஐந்தரைக்கு எழும்புங்கள், இந்தக் கரை கிழக்குப் பார்த்த கரை, சூரியன் கடலுக்குள்ளிருந்து வரும். உப்புவெளியில் தொடங்கி வடக்கே சல்லிப் பக்கமாக நடந்தால் அலை நனைத்துப் போன இறுகின மணல், நாய்க்கும் நமக்கும் கால் புதையாது. எட்டு மணிக்கு முன் திரும்பிவிடுங்கள். மற்ற நடை பின்னேரம் ஐந்துக்குப் பிறகு. நகரத்தில் தங்கினால் டச்சு பே கடற்கரை போதும், பின்னேரம் சனக்கூட்டம் இருக்கும், கடலை விற்பவர், பட்டம் விடும் பிள்ளைகள், அதற்குள் நாயைச் சங்கிலியோடு கையில் பிடித்துக்கொண்டே நடவுங்கள். நடுப்பகலில் நாய் நிழலில், மின்விசிறிக்குக் கீழே, தண்ணீரோடு. யாராவது ஒருவர் அதோடு இருக்க வேண்டும்.

காலை நடையில் கரைவலை இழுப்பதைப் பார்ப்பீர்கள். பார்க்க வேண்டிய காட்சிதான். இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்து ஆட்கள் பின்னால் சாய்ந்து இழுப்பார்கள், கடைசியில் வலையின் மடி கரையேறும், துள்ளுகிற மீனைத் தரம் பிரிப்பார்கள். வேண்டாததை மணலில் எறிவார்கள். அந்த வேண்டாததுக்குள்தான் பேத்தை மீன் கிடக்கும். காற்றடைத்த பந்து மாதிரி வயிறு வீங்கி, முள்முள்ளாக, சின்ன வாயை மூடிக்கொண்டு. மற்றதைக் கொத்துகிற காகம் அதைத் தொடாமல் தாண்டிப் போவதைப் பார்த்திருக்கிறேன். உள்ளூர் நாயும் முகர்ந்துவிட்டு விலகும். கொழும்பில் பிஸ்கட் தின்று வளர்ந்த நாய்க்கு அது என்னவென்று எப்படித் தெரியும்? ஒரு பேத்தையைக் கடித்துத் தின்றால் போதும். அதன் ஈரலிலும் தோலிலும் உள்ள நஞ்சு தசைகளை முடக்கி மூச்சை நிறுத்திவிடும், அதற்கு மாற்று மருந்து கிடையாது. காய்ந்த பேத்தையிலும் நஞ்சு இருக்கும். கரைவலை இழுக்கிற இடத்தில் நாயை அவிழ்த்து விடாதீர்கள், சங்கிலியைக் குட்டையாகப் பிடியுங்கள். வலைத் துண்டு, தூண்டில், கரையொதுங்கிய சொறிமுட்டை (ஜெல்லி மீன்) எல்லாமே அங்கேதான் கிடக்கும். மடி வரும் நேரம் நாய் குறுக்கே ஓடினால் அவர்களுடைய உழைப்புக்கும் அது இடைஞ்சல்.

கடல்தண்ணீரும் அப்படித்தான். பந்தை எறிந்து எடுக்க விடுகிறோம், நாய் ஒவ்வொரு தடவையும் ஒரு வாய் உப்புத் தண்ணீரை விழுங்குகிறது. கொஞ்சம் என்றால் வயிற்றால் போவதோடு முடியும், கூடினால் வாந்தி, தள்ளாட்டம், வலிப்பு. கால் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நல்ல தண்ணீர் கொடுங்கள், ஒரு போத்தலும் ஒரு பிளாஸ்டிக் கோப்பையும் கையில் இருந்தால் சரி. திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, காதையும் விரலிடுக்கையும் துடைத்துவிடுங்கள். கரையோரத்துச் சில கிணறுகள் உவர், வாயில் வைத்துப் பார்த்துவிட்டுக் கழுவுங்கள். விரல்களை விரித்துப் பார்த்தால் உண்ணி இருந்தாலும் தெரிந்துவிடும்.

சரி, இடங்களுக்கு வருகிறேன். புறாமலைக்கு, அதாவது புறாத்தீவுக்கு, நாயைக் கொண்டுபோகவே கூடாது. 1963-ல் சரணாலயமாகவும் 2003-ல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம் அது. மாடப்புறாக்கள் பாறை இடுக்கில் கூடு கட்டுகிற தீவு. வனஜீவராசிகள் திணைக்களம் நாயை விடாது, விடவும் கூடாது. படகுக்காரத் தம்பிமாரிடம் காசைக் காட்டிக் கெஞ்சாதீர்கள், அனுமதி பறிபோனால் அவர்கள் வீட்டில்தான் அடுப்பு எரியாது. வீட்டில் நாலு பேர் என்றால் இரண்டு பேர் போய் வரட்டும், மற்ற இருவர் அடுத்த நாள் போகட்டும். நாய் நிலாவெளிக் கரையிலிருந்து தீவைப் பார்க்கட்டும், அதற்கு அது போதும்.

கோணேசர் கோயிலும் இப்படித்தான், மாறி மாறிப் போய்க் கும்பிட வேண்டும். வைரவருக்கு வாகனம் நாய்தானே என்று ஒருவர் என்னோடு வாதாடினார். வாகனம்தான், ஆனாலும் கோயிலுக்குள்ளே கூட்டிப்போகிற வழக்கம் இல்லை, கும்பிட வருகிற நூறு பேரின் மனதையும் பார்க்க வேண்டும். கோயில் இருப்பது கோட்டைக்குள், அங்கே இன்னொரு விசயம், மான். போர்த்துக்கேயர் கட்டிய அந்தக் கோட்டைக்குள்ளும் நகரத்து வீதிகளிலும் புள்ளிமான்கள் சுதந்திரமாகத் திரிகின்றன, திருகோணமலையின் அழகே அதுதான். மானைக் கண்டால் எந்த நாயும் இழுக்கும். துரத்தினால் மான் றோட்டுக்குக் குறுக்கே பாயும், பஸ்ஸில் அடிபடும். குட்டியோடு நிற்கிற பிணை என்றால் இன்னும் மோசம். ஆகவே கோட்டைக்குள் நாயைக் கூட்டி வரவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. வாகனத்துக்குள் பூட்டி வைப்பதும் வேண்டாம். தங்கும் இடத்திலேயே ஒருவரோடு விட்டுவிட்டு வாருங்கள்.

இங்கே நாங்கள் தமிழ், முஸ்லிம், சிங்கள ஆட்கள் எல்லோரும் ஒரே கரையைப் பாவிக்கிறோம். நிலாவெளி, இறக்கக்கண்டி, கிண்ணியாப் பக்கம் முஸ்லிம் குடும்பங்கள் அதிகம். இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்றான ஷாஃபி மத்ஹபின்படி நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரால். தொழுகைக்குப் போகிற ஒருவரின் சாரத்தில் உங்கள் நாய் ஓடிப்போய் நக்கினால், உங்களுக்கு அது செல்லம், அவருக்கு அன்றைய தொழுகைக்கு முன் பெரிய வேலை. அவர்கள் நாயை வெறுக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள், வெயிலில் இளைத்த நாய்க்குக் கடை முதலாளி ஒருவர் வாளியில் தண்ணீர் வைத்ததை இறக்கக்கண்டியில் கண்டிருக்கிறேன். தூரத்தில் பிடித்து வைத்திருந்தால் யாருக்கும் பிரச்சினை இல்லை. களப்பு ஓரங்களில் அவிழ்த்து விடாமல் இருக்க இன்னொரு காரணம் முதலை. கிழக்குக் கரையின் களப்புகளிலும் ஆற்று முகங்களிலும் முதலை உண்டு, நாய் அதற்கு நல்ல இரை.

கட்டாக்காலி நாய்களைப் பற்றி எல்லோரும் பயந்து கேட்பார்கள். உப்புவெளிக் கரையில் கூட்டமாக இருக்கின்றன, உண்மைதான். அவை அங்கேயே பிறந்து வளர்ந்தவை, அது அவற்றின் இடம். புது நாய் வந்தால் சுற்றிக்கொண்டு குரைக்கும். நின்று கல்லெடுத்தால்தான் சண்டை கூடும், சங்கிலியைத் தளர்த்தி, கத்தாமல், நேராக நடந்து போனால் பெரும்பாலும் எல்லை முடிந்ததும் விட்டுவிடும். மாரியில் ஹோட்டல்கள் மூடிய பிறகு இதே நாய்கள் பட்டினி கிடப்பதைப் பார்க்க வயிறு எரியும். மிச்சச் சோறு இருந்தால் பொலித்தீனோடு எறியாமல், இலையிலோ தாளிலோ வைத்துவிட்டுப் போங்கள், புண்ணியமாகப் போகும்.

ஆனால் விசர்நாய்த் தடுப்பூசி போடாமல் உங்கள் நாயைக் கொண்டுவரவே கூடாது. இந்த நாட்டில் விசர்நோய்க்கான கட்டளைச் சட்டம் 1893-லேயே வந்துவிட்டது, இன்னும் நோய் போகவில்லை. முதல் ஊசி என்றால் பயணத்துக்கு ஒரு மாதம் முன்னமே போடுங்கள், பலம் பிடிக்க நாள் எடுக்கும். நாய்களுக்கு வருகிற பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான ஊசிகளும் வேண்டும், ஊசி போட்ட அட்டையைக் கையோடு கொண்டுவாருங்கள். எந்த நாயாவது உங்களைக் கடித்தால் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு. மஞ்சள், கோப்பித் தூள் ஒன்றும் வேண்டாம்.

தங்கும் இடத்தை இணையத்தில் பார்த்துப் பதிவுசெய்வதோடு நிறுத்தாமல், போன் எடுத்து வாயால் கேளுங்கள். நாய் எங்கே படுக்கும், மதில் இருக்கிறதா, அவர்களிடம் நாய் இருக்கிறதா என்று. வவுனியாவிலிருந்து வந்த என் மச்சாள் வீட்டாருக்கு ஓர் இடத்தில் “ஓம், நாய் வரலாம்” என்று சொல்லிவிட்டு, வந்து இறங்கியதும் பின்னால் இருந்த தகரக் கொட்டிலைக் காட்டினார்கள். நடுப்பகலில் தகரத்துக்குக் கீழே நாய்! அவர்கள் காசையும் விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள், அதுதான் சரி.

வருகிற வழியில் ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் நாயை இறக்காதீர்கள். யானை கடக்கிற றோட்டு, நாய் குரைத்தால் யானை திரும்பும். கந்தளாயில் தயிர்க் கடைகள் இருக்கிற பக்கம் நிறுத்தி, சங்கிலியோடு இறக்கி, தண்ணீர் கொடுத்துக் கூட்டி வாருங்கள்.

இவ்வளவும் செய்தும் வெயில் பட்டுவிட்டால், நாக்கு கடும் சிவப்பாகி, எச்சில் பசைபோல் தடித்து, கால் பின்னினால், உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கச் சாதாரணத் தண்ணீரை ஊற்றுங்கள், வயிற்றிலும் தொடை இடுக்கிலும் நன்றாக. விசிறுங்கள். ஐஸ் வேண்டாம். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், தானாகக் குடித்தால் குடிக்கட்டும். கொஞ்சம் ஆறிய பிறகு மிருக வைத்தியரிடம் ஓடுங்கள், எழும்பி நடந்தாலும் காட்டத்தான் வேண்டும். வந்து இறங்கின அன்றைக்கே மிருக வைத்தியரின் நம்பரை எடுத்து வையுங்கள்.

இந்தச் சீசனுக்கு வருகிறவர்கள், எந்தப் பக்கம் தங்குகிறீர்கள், என்ன நாய், என்ன வயது என்று கீழே எழுதுங்கள். காலையில் எங்கே நடக்கலாம், எங்கே நிழல் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வீமனும் நானும் விடிய ஐந்தரைக்கு உப்புவெளியில்தான் நிற்போம்.