தாவலை மன்னிக்கலாம், பின்னலை மன்னிக்க முடியாது

பல ஆண்டுகளாக 'டிராவலர்' விளையாட்டை நடத்திவருகிறேன். இயற்பியல் இவ்வளவு தூரம் வந்துவிட்ட பிறகும் 1977-இல் எழுதப்பட்ட விதிகளை ஏன் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள் என்று, எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் சென்ற வாரம் கேட்டார். ஆட்டத்தின் நடுவே விரிவாகப் பதில் சொல்ல முடியவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு சொல். நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, நடுவர் விவரிக்கும் உலகில் தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்லிச் சொல்லிக் கதையை நகர்த்துவார்கள். எது நடக்கும் என்று ஐயம் எழும் இடத்தில் பகடை உருளும். மார்க் மில்லர் வடிவமைத்த டிராவலர், விண்வெளியைக் களமாகக் கொண்ட இத்தகைய விளையாட்டுகளில் மூத்தவற்றுள் ஒன்று.

அதன் அடித்தளமே ஒரு பொய்தான். நட்சத்திரங்களுக்கிடையே ஒளியை மிஞ்சிப் பாய்வதை அதில் 'தாவல்' என்பார்கள். கப்பல் ஒரே தாவலில் 1 முதல் 6 பார்செக் வரை கடக்கும். ஒரு பார்செக் என்பது 3.26 ஒளியாண்டு. எத்தனை பார்செக் தாவினாலும் ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். ஒவ்வொரு பார்செக்குக்கும் கப்பலின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு ஹைட்ரஜன் எரிபொருளாகச் செலவாகும். கப்பலைவிட விரைவாக எந்தச் செய்தியும் போகாது. பாய்மரக் கப்பல் காலத்தைப் போல, பக்கத்து உலகில் போர் மூண்ட சேதி ஒரு வாரம் கழித்தே வந்து சேரும். ஒளியைவிட விரைவாக எதுவும் போக முடியாது என்பதால் இயற்பியலில் இதற்கு இடமில்லை என்பது விளையாட்டுக்கும் தெரியும், ஆடுபவர்களுக்கும் தெரியும். வெளிப்படையாக ஒரு பொய்யைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அதற்கான விலையைக் கணக்குப் பார்த்துக் கட்டும் நேர்மை அந்த விதியில் இருக்கிறது.

எனக்கு உறுத்துவது வேறு வகை. 2009-இல் வெளியான 'எக்ளிப்ஸ் ஃபேஸ்' நான் விரும்பி வாசித்த விளையாட்டு. ஆனால் அதில் குவாண்டம் பின்னலைப் பயன்படுத்தி ஒளியை மிஞ்சும் வேகத்தில் செய்தி அனுப்புகிறார்கள். பின்னல் என்பது உண்மையான நிகழ்வு. அதைச் சோதனைகளால் நிறுவியதற்காகவே ஆலன் ஆஸ்பே, ஜான் கிளாசர், அன்டன் சைலிங்கர் ஆகிய மூவருக்கும் 2022-இல் நோபல் பரிசு கிடைத்தது. பின்னிய இரு துகள்களில் இங்கே ஒன்றை அளந்தால், அங்கே கிடைக்கும் முடிவோடு அது ஒத்துப்போகும். ஆனால் இங்கே எந்த முடிவு வர வேண்டும் என்பதை அளப்பவர் தேர்ந்தெடுக்க முடியாது. இரு பக்கத்து முடிவுகளையும் வழக்கமான வழியில் கொண்டுவந்து அருகருகே வைத்தால்தான் அந்த ஒத்திசைவே கண்ணில் படும். ஆகவே அதன் வழியே ஒரு 'ஆம்', 'இல்லை' கூட அனுப்ப முடியாது. எந்த வேலையைத் தன்னால் செய்ய இயலாது என்று ஒரு கோட்பாடு திட்டவட்டமாகச் சொல்கிறதோ, அந்த வேலையையே அதன் பெயரால் வாங்குவது, கற்பனையாக ஒரு தாவலைப் புகுத்துவதைவிடப் பெரிய பிழை என்பது என் கருத்து. பின்னிய துகள்கள் பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துபோகும் என்று அந்த விளையாட்டு வைத்திருக்கும் கட்டுப்பாடு நல்ல விதிதான். பெயரை மட்டும் மாற்றியிருந்தால் எனக்கு வழக்கே இருந்திருக்காது.

புதிய அறிவிப்பு வந்தவுடன் விதிப்புத்தகத்தைத் திருத்த ஓடுவதும் தவறு. 2011 செப்டம்பரில், ஜெனீவா அருகே உள்ள செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்திலிருந்து சுமார் 730 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இத்தாலியின் கிரான் சாஸோ ஆய்வகத்துக்குச் சென்ற நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோவினாடி முன்னதாக வந்துவிட்டன என்று அங்கே அவற்றை அளந்த ஓபெரா ஆய்வுக்குழு அறிவித்தது. அடுத்த ஆண்டே, சரியாகப் பொருந்தாத ஓர் ஒளியிழைக் கம்பி இணைப்பு முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது. டிராவலர் கப்பல்களின் உலைகளை இயக்கும் அணுக்கரு இணைவும் அப்படித்தான். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் தேசிய எரியூட்டு மையத்தில் 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலைச் செலுத்தி 3.15 மெகாஜூல் பெற்றது பெரிய சாதனை. ஆனால் அந்த லேசர்களை இயக்க மின்கட்டமைப்பிலிருந்து எடுத்தது 300 மெகாஜூல் அளவு. நம் சரக்குக் கப்பலின் உலை இன்னும் கற்பனையில்தான் இருக்கிறது.

அப்படியானால் எந்த முன்னேற்றத்தை மேசைக்குக் கொண்டுவர வேண்டும்? புறக்கோள்களைத்தான். டிராவலர் வந்தபோது, வேறொரு சூரியனைச் சுற்றும் ஒரு கோளைக்கூட மனிதர் அறியவில்லை. 1995-இல் மிஷெல் மேயரும் டிடியே கெலோவும் கண்டறிந்த 51 பெகாசி பி, ஏறத்தாழ வியாழனில் பாதி நிறை கொண்டது. தன் நட்சத்திரத்தை 4.2 நாளில் சுற்றிவிடுகிறது. வியாழனைப் போன்ற வாயுக்கோளின் மேல்மண்டலத்தில் கப்பலை இறக்கி ஹைட்ரஜனை இலவசமாக அள்ளிக்கொள்வது எங்கள் ஆட்டக்காரர்களின் நெடுநாள் பழக்கம். ஆயிரம் டிகிரி தகிக்கும் ஒரு வாயுக்கோளில் அதைச் செய்து பாருங்கள் என்று ஒருமுறை சொன்னேன். மேசையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

2017-இல் அறிவிக்கப்பட்ட டிராப்பிஸ்ட்-1 இன்னும் சுவையானது. சுமார் 40 ஒளியாண்டு தொலைவில் ஒரு சிவப்புக் குறுமீன், அதாவது சூரியனைவிட மிகச் சிறிய, மங்கலான நட்சத்திரம். அதைச் சுற்றி நெருக்கமாக ஏழு கோள்கள். எந்தப் பெரும்பொருளிலிருந்தும் அதன் விட்டத்தைப்போல் நூறு மடங்கு விலகிய பிறகே பாதுகாப்பாகத் தாவலாம் என்பது டிராவலரின் பழைய விதி. பூமியளவுள்ள கோளிலிருந்து, 1 ஜி முடுக்கத்தில் (பூமியின் ஈர்ப்புக்குச் சமமான முடுக்கம்), அதற்கு ஆறரை மணி நேரம்கூட ஆகாது. இதே விதியை நட்சத்திரத்துக்கும் பொருத்தினால், டிராப்பிஸ்ட்-1-இன் எல்லை சுமார் 1.66 கோடி கிலோமீட்டர் வரை நீள்கிறது. ஏழாவது கோளோ 93 லட்சம் கிலோமீட்டரிலேயே இருக்கிறது. அதாவது ஏழு கோள்களும் தாவ முடியாத நிழலுக்குள் கிடக்கின்றன. நான்காவதான ஈ கோளிலிருந்து கிளம்புவதாகக் கணக்குப் போட்டேன்: நேராக வெளியே வந்தாலும் ஏறத்தாழ 20 மணி நேரம். துரத்துபவனுக்கு அது எவ்வளவு பெரிய வாய்ப்பு! விதி அதேதான், அதற்கு இப்படியொரு முகம் இருந்ததை எனக்குக் காட்டியது வானியல்.

அந்த ஈ கோள் எப்போதும் ஒரே முகத்தை நட்சத்திரத்துக்குக் காட்டியபடி சுற்றக்கூடும் என்கிறார்கள். அப்படியானால் அங்கே விடியல் என்பது பொழுதல்ல, ஓர் இடம். ஓர் உலகை ஒரே வரியில் குறிக்கும் டிராவலரின் குறியீட்டில் அளவு, வளிமண்டலம், நீர், மக்கள்தொகை, அரசு எல்லாம் உண்டு, இதற்கு மட்டும் இடமில்லை. ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். தம்பியின் கப்பல் இப்போது அங்கேதான் நிற்கிறது. தெரிந்த ஏழு கோள்களில் ஒன்றுகூட வாயுக்கோள் இல்லை. ஆகவே எரிபொருளை அவர் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.