பெரியம்மாவுக்கு இடம் பார்த்த கணக்கு

பெரியம்மாவுக்கு வயது 79. பிள்ளைகள் இல்லை, பெரியப்பா காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டு குளியலறையில் வழுக்கி விழுந்து, எலும்பு முறியாமல் தப்பிய பிறகு, இனித் தனியாக இருக்க முடியாது என்பதை அவரே முதலில் சொன்னார். அதன்பின் நான்கு மாதங்கள் நானும் தம்பியும் முதியோர் குடியிருப்புகளைத் தேடி அலைந்தோம். அந்த அலைச்சலில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து இதுதான்: இன்றைக்குத் தானே நடமாடுகிற ஒருவருக்காக நாம் இடம் தேடுகிறோம், ஆனால் அந்த இடத்தின் தரம் தெரியப்போவது அவரால் எழுந்து நடக்க முடியாமல் போகும் நாளில்தான்.

ஆகவே, கட்டடங்களைப் பார்ப்பதற்கு முன் ஆளைப் பார்க்க வேண்டும். குளித்தல், உடுத்துதல், கழிப்பறைக்குச் சென்று வருதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், சிறுநீரையும் மலத்தையும் கட்டுப்படுத்துதல், தானே உண்ணுதல் என்னும் ஆறு செயல்களைக் கொண்டு ஒருவரின் தற்சார்பை அளக்கும் முறையை சிட்னி காட்ஸ் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1963இல் வெளியிட்டார்கள். 1969இல் லாட்டன், பிராடி என்னும் இருவர் தொலைபேசி, சமையல், மருந்து, பணம் போன்ற எட்டுச் செயல்களைக் கொண்ட வேறொரு பட்டியலைத் தந்தார்கள். பெரியம்மா முதல் பட்டியலில் ஐந்தைத் தானே செய்துகொள்கிறார். குளிக்கும்போது மட்டும் அருகில் ஆள் வேண்டும். இரண்டாவது பட்டியலில்தான் எங்களுக்கு அதிர்ச்சி காத்திருந்தது. இரத்த அழுத்த மாத்திரையை அவர் சில நாட்களில் இரண்டு முறை விழுங்கியிருக்கிறார், சில நாட்களில் தொடவே இல்லை. வாரம் ஒருமுறை வந்துபோகும் எங்கள் கண்ணில் அது படவே இல்லை என்பதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

பணத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் இந்த மாதக் கட்டணத்தைக் கேட்டு, ஓய்வூதியத்தில் அடங்கிவிடுகிறது என்று நிம்மதி அடைகிறார்கள். ஓய்வூதியம் 100, கட்டணம் 70 என்று வைத்துக்கொள்வோம். ஓய்வூதியம் ஆண்டுக்கு 3 விழுக்காடும் கட்டணம் 8 விழுக்காடும் உயர்ந்தால், எட்டு ஆண்டுகள் கழித்து ஓய்வூதியம் ஏறத்தாழ 127 ஆகியிருக்கும். கட்டணமோ 130ஐ நெருங்கியிருக்கும். இது உடல்நிலை இப்படியே இருந்தால் மட்டுமே பொருந்தும் கணக்கு. நடுவில் கூடுதல் கவனிப்புப் பிரிவுக்கு மாற வேண்டிவந்து, கட்டணம் ஒன்றரை மடங்கானால், முதல் ஆண்டிலேயே 70 என்பது 105 ஆகிவிடும். இந்த இரண்டாவது கணக்கை எங்களுக்குத் தாமாகப் போட்டுக் காட்டிய நிர்வாகம் ஒன்றுகூட இல்லை.

பெரிய முன்பணம் கேட்கும் இடங்களும் உண்டு. திரும்பக் கிடைக்கும் தொகைதானே என்று அவர்கள் சொல்லும்போது, அது முடங்கிக் கிடக்கும் காலத்து வட்டியும் நாம் கொடுக்கும் கட்டணம்தான் என்பதை மறந்துவிடுகிறோம். பெரியம்மாவின் வீட்டை விற்று முன்பணம் கட்டிவிடலாம் என்றான் தம்பி. நான் ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டை வாடகைக்கு விட்டால் மாத வருமானம் வரும். இடம் பிடிக்காமல் போனால் திரும்பிவரவும் ஒரு வாசல் இருக்கும். இதில் எங்களுக்குள் மனத்தாங்கல் வந்தது உண்மை. கடைசியில் வீடு யாருடையதோ அவரையே கேட்டோம். விற்க வேண்டாம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துவந்து படிக்க அனுமதிக்காத இடத்தை அந்த நொடியே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. மருத்துவமனையில் இருக்கும் நாட்களுக்கும் முழுக் கட்டணம் உண்டா, ஆண்டு உயர்வுக்கு உச்ச வரம்பு எழுதப்பட்டிருக்கிறதா, மறதிநோய் வந்தால் வைத்துக்கொள்வார்களா அல்லது அழைத்துப்போகச் சொல்வார்களா, விலகினாலோ இறந்தாலோ முன்பணம் எத்தனை நாளில் யாரிடம் வரும் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். மறதிநோய் பற்றிய கேள்விக்குத்தான் பல இடங்களில் பதில் குழைந்தது. கடைசிவரை பார்த்துக்கொள்வோம் என்று வாயால் சொன்ன ஓர் இடத்தின் ஒப்பந்தத்தில், நோய் முற்றினால் முப்பது நாட்களில் வெளியேற வேண்டும் என்று பதினோராம் பக்கத்தில் இருந்தது.

பகல் பதினொரு மணிக்குச் சுற்றிக்காட்டப்படும் இடத்துக்கும் இரவு எட்டு மணிக்கு நாமாகப் போய்ப் பார்க்கும் இடத்துக்கும் வேறுபாடு மிகுதி. வரவேற்பறைச் சோபாக்களில் முதியவர் ஒருவர்கூட உட்கார்ந்திருந்து நான் பார்த்ததில்லை. அவை நம்மைப் போன்றவர்களுக்காகப் போடப்பட்டவை. அழைப்பு மணி அடித்தால் எத்தனை நிமிடத்தில் ஆள் வருகிறார், இரவுப் பணியில் எத்தனை பேருக்கு ஒருவர், அங்கே வேலை செய்பவர்கள் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார்கள் என்று பாருங்கள். அடிக்கடி ஆள் மாறும் இடத்தில், பெரியம்மாவுக்கு இடது காது கேட்காது என்பதை ஒவ்வொரு மாதமும் புதிதாக ஒருவருக்குச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

நாங்கள் தேர்ந்தது தோட்டம் இல்லாத, பழைய கட்டடம். இரவில் மாடிக்கு இருவர் விழித்திருக்கிறார்கள். முன்பணம் மூன்று மாதக் கட்டணம் மட்டுமே. ஓய்வூதியம், வாடகை, எங்கள் இருவரின் பங்கு எல்லாவற்றையும் ஆண்டுவாரியாக ஒரே தாளில் எழுதிக் கையெழுத்திட்டோம். பெரியம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "91 வயதோடு நிறுத்திவிட்டாயே, 95 வரைக்கும் போடு" என்றார். நான்கு வரிகள் சேர்த்தேன். அந்த நான்கிலும் துண்டு விழுகிறது. அதை எப்படி அடைப்பது என்று நானும் தம்பியும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.