சைலன்ட் ஹில் 2: பொல்லு கூடிப்போச்சு

சைலன்ட் ஹில் 2 எண்ட பேய்க் கேமின்ர ரீமேக்கை ஒருமாதிரி முடிச்சாச்சு. எல்லாரும் தலையில தூக்கி வைச்சு ஆடுறபடியா, ஆரும் ஒராள் எதிர்ப்பாட்டும் பாடத்தானே வேணும். கதையின்ர முடிவையும் உடைச்சுத்தான் எழுதப்போறன். விளையாடுற எண்ணம் இருக்கிறவை இதோட நிப்பாட்டிப்போட்டு, முடிச்சிட்டு வந்து சண்டை பிடியுங்கோ.

தெரியாதவைக்குச் சுருக்கமா: 2001-இல் கொனாமி பிளேஸ்டேசன் 2-க்கு விட்ட கேம். ஜேம்ஸ் சண்டர்லண்ட் எண்டொருத்தன். அவன்ர மனிசி மேரி மூண்டு வருசத்துக்கு முதல் வருத்தத்தில செத்துப்போனா. இப்ப அவவின்ர பேரில ஒரு கடிதம் வருது, சைலன்ட் ஹில்லில காத்துக்கொண்டிருக்கிறன் எண்டு. ஆள் வெளிக்கிட்டுப் போறான். ஊர் முழுக்கப் பனிப்புகார், சனம் இல்லை, நடமாடுறதெல்லாம் கோணல்மாணலான உருவங்கள். போலந்தின்ர புளூபர் டீம் அதை முழுசாத் திருப்பிச் செய்து 2024 ஒக்டோபர் 8-இல் விட்டது. மசாஹிரோ இத்தோவின்ர உருவங்களும் அக்கிரா யமோக்காவின்ர இசையும் பழசில இருந்து தொடருது. இசைக்கு மட்டும் நான் ஒரு குறையும் சொல்லமாட்டன்.

"ஆளில்லாத ஊரைப் பார்க்கவே நெஞ்சு படபடக்குது" எண்டு யூடியூப்பில ஆளாளுக்குச் சொல்லுகினம். எனக்கு அப்பிடி ஒண்டும் வரேல்லை. மீள்குடியேறி வந்த நேரம் கிளிநொச்சியில எந்த ஒழுங்கைக்குள்ள போனாலும் உதுதான் காட்சி. ஓடு இல்லாத வீடு, நிலையோட கழட்டுப்பட்ட கதவு, குசினிக்குள்ள முளைச்ச பப்பாசி. அப்ப ஒருத்தரும் பேய்க்குப் பயப்பிடேல்லை. கிணத்துக்குள்ள என்ன கிடக்கோ, வளவுக்குள்ள மிதிவெடி எடுத்து முடிஞ்சுதோ எண்டதுதான் யோசனை. பனிப்புகாரும் எங்களுக்குப் புதுசில்லை; தையில விடியப்பறம் இரணைமடு வாய்க்கால் பக்கம் சைக்கிள்ள போனா முன்னால போறவன்ர முதுகே தெரியாது. (1999-இல வந்த முதலாவது கேமில உந்தப் புகாருக்கு ஒரு காரணம், பழைய பிளேஸ்டேசனுக்குத் தூரத்தில இருக்கிறதைக் கீறிக் காட்டச் சக்தி காணாதது. இல்லாமையை எடுத்து அழகாக்கின கெட்டிக்காரர்.) அன்ரியல் என்ஜின் 5 எண்ட கேம் செய்யிற மென்பொருளை வைச்சு எவ்வளவு வடிவா இடிஞ்ச வீட்டைக் கீறினாலும், எனக்கு அது இடிஞ்ச வீடுதான்.

வன்னிக்காரன் எதைக் கதைச்சாலும் கடைசியில யுத்தத்துக்குத்தான் வருவான் எண்டு நீங்கள் சிரிக்கிறது கேக்குது. வருவன்தான். ஆனா நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிற இடத்தால இல்லை.

அதுக்கு முதல் றேடியோ. ஜேம்ஸின்ர சேட்டுப் பொக்கற்றுக்குள்ள ஒரு சின்ன றேடியோ கிடக்கும், உருவம் ஏதும் கிட்ட வந்தா இரையத் தொடங்கும். நான் விளையாடேக்க அப்பா அறைக்குள்ள எட்டிப் பார்த்திட்டு, "ஸ்டேசன் பிடிபடேல்லையோடா?" எண்டு கேட்டார். யுத்தத்தில பற்றறிக்குத் தடை இருந்த காலத்தில சைக்கிள் டைனமோவைச் சுத்திச் சுத்திச் செய்தி கேட்ட மனிசன். அவருக்கு அந்த இரைச்சல் பேய் வாற அறிகுறி இல்லை, இன்னும் கொஞ்சம் மிதிக்கவேணும் எண்ட அறிகுறி. நான் அதுக்குப் பிறகு அண்டைக்குப் பயந்ததா ஞாபகமில்லை.

இப்ப விசயத்துக்கு வாறன். எனக்கு உந்தக் கேமில உண்மையா முதுகு குளிர்ந்தது புதிர்களில. பழசில கொஞ்சப் புதிர் சுத்தப் பைத்தியம்தான், மறைக்கேல்லை. மாடிக் கட்டடத்தில குப்பை கொட்டுற குழாய்க்குள்ள சிக்கினதை எடுக்க மேல நிண்டு ஜூஸ் பேணிகளைப் போடவேணும். ஆசுபத்திரியில தண்ணி போற ஓட்டைக்குள்ள விழுந்த திறப்பை, வளைஞ்ச ஊசியில தலைமயிரைக் கட்டித் தூண்டில் போட்டு எடுக்கவேணும். குதிரை லாடம், மெழுகுப் பொம்மை, லைற்றர் மூண்டையும் சேர்த்து நிலக்கதவுக்குக் கைபிடி ஒட்டவேணும். எந்த மனிசனுக்கு உந்த யோசனை வரும்?

ஆனா அதே பழைய கேமிலதான் தூக்குக்கயிற்றுப் புதிரும் இருக்கு. ஆறு பேர். ஆறு பேரிலயும் குற்றம் சுமத்தி இருக்கு. அதில ஒராள் குற்றமில்லாதவர். வாசிச்சு, யோசிச்சு, அந்த ஆளின்ர கயிற்றை இழுக்கவேணும். விளையாடேக்க அது ஒரு சாதாரண மூளைக்கணக்கு. கேம் முடிஞ்சாப் பிறகுதான் உறைக்கும்: ஆர் குற்றவாளி, ஆர் சுத்தவாளி எண்டு அந்த இடத்தில நிண்டு தீர்ப்புச் சொன்னது ஆர்? நோயில கிடந்த மனிசியின்ர முகத்தில தலையணையை வைச்சு அமத்தின ஜேம்ஸ். நாங்கள் அவன்ர கையால கயிறு இழுத்திருக்கிறம். ஒரு உருவமும் பாயேல்லை, இரத்தம் தெறிக்கேல்லை, சத்தம் போட்டுத் திடுக்கிட வைக்கேல்லை. வாசிப்பும் யோசனையும் மட்டும்.

ரீமேக்கில புதிர்கள் உண்மையிலேயே திருந்தி இருக்கு, அதைச் சொல்லாமல் விட்டா பொய்யனாவன். காசுகளை மேசையில அடுக்கிற புதிர் முந்தி ஒரே தரத்தில முடியும். இப்ப கவிதை துண்டு துண்டா வர, அதுக்கேத்தமாதிரி காசுகளை மாத்தி மாத்தி வைக்கவேணும். ஒவ்வொரு துண்டுக்கும் கதை இன்னும் கொஞ்சம் கறுக்குது. ஆசுபத்திரியில ஒரு கைச்சிலைக்கு நோயாளியளின்ர காப்புகளைப் போட்டுச் சுத்திற புதிரும் அப்பிடித்தான். அதைத் தீர்க்க மற்றவையின்ர வருத்தத்தைத் தேடித்தேடி வாசிக்கவேணும். வருத்தக்காரியைச் சுமை எண்டு நினைச்ச ஒருத்தனுக்கு அதைவிடப் பொருத்தமான தண்டனை இருக்கோ?

பிறகேன் கோபம்? உந்த நல்ல புதிருகளுக்கு இடையில எங்களை விடாமல் அடிபட வைக்கிறாங்கள். பழைய கேம் எட்டு மணித்தியாலத்தில முடியிற சாமான், புதுசு அதைப்போல ரெண்டு மடங்கு. கூடின நேரத்தில பாதிக்கு மேல பொல்லால அடிக்கிறதிலயே போகுது. மேசைக்குப் பின்னால அசையாமல் நிண்டு, றேடியோவையும் இரைய விடாமல், திடீரெண்டு பாயுற மானெகின் எண்ட பொம்மை உருவம் முதல் தரம் என்ர ஹெட்செற்றையே கழட்ட வைச்சது. பிறகு ஒவ்வொரு அறையிலயும் அதே விளையாட்டு. சிறைச்சாலைக்கு வந்து சேரேக்க நான் பயந்த ஆளில்லை, வாசல்ல நிண்டு மூலைமுடுக்கு எண்ணுற கணக்கப்பிள்ளை. இப்ப கமரா தோளுக்குப் பின்னால நிக்குது, ஜேம்ஸ் விலகி ஓடுறான், குறி பார்த்துச் சுடுறான். பழைய ஜேம்ஸ் பொல்லை வீசத் தெரியாமல் வீசுவான். ஒரு சாதாரண கிளாக்கர் அப்பிடித்தானே வீசுவார்? கைதேர்ந்த சண்டைக்காரனா ஆக்கினவுடன ஆளில இருந்த வெக்கமும் தடுமாற்றமும் போட்டுது. அவன்ர கதைக்கு அந்தத் தடுமாற்றம்தான் முக்கியம்.

இன்னொண்டு. புதிருகள் எல்லாம் இங்கிலிசுக் கவிதையில. தமிழ் மொழிமூலத்தில படிச்ச எங்கட பெடியளுக்கு உது ரெட்டைப் பூட்டு. வெளிவரேக்க 70 டொலர், எங்கட காசுக்கு 20,000 ரூபாவுக்கு மேல. அதைக் குடுத்து வாங்கி, ஓடுற மாதிரிக் கொம்பியூட்டரும் வைச்சிருந்தா பிறகு கவிதை. அதால கனபேர் என்ன செய்யினம்? யூடியூப்பில ஆரோ தீர்க்கிறதைப் பார்த்து அப்பிடியே அமத்திப்போட்டு அடிபடப் போகினம். பிறகு வந்து "கிராபிக்ஸ் சுப்பர், ஃபைற் சுப்பர், புதிர் அறுவை" எண்டு எழுதுகினம். எங்கட அம்மம்மாமார் பொழுதுபட்டாப் பிறகு முத்தத்தில இருத்தி நொடி போட்டு, விடை சொல்லாமல் நித்திரைக்கு அனுப்பின சனம். புதிர் எங்களுக்குச் சரிவராது எண்டு நான் ஒத்துக்கொள்ளமாட்டன். நாலு பேர் சேர்ந்திருந்து, இங்கிலிசு தெரிஞ்ச ஒராள் வாசிச்சுச் சொல்ல, மற்றவை மண்டையை உடைச்சா உந்தக் கேம் வேற கேம்.

இனி அந்தக் கடிதம். ஜேம்ஸின்ர பைக்குள்ள எப்பவும் எடுத்துப் பார்க்கலாம். கதை போகப்போக அதில எழுத்து அழிஞ்சு வெறுந்தாளாகும், கடைசியில தாளும் இல்லை. அப்பிடியொரு கடிதம் வரவேயில்லை. மேரி மூண்டு வருசத்துக்கு முதல் சாகவும் இல்லை. நோய்தான் மூண்டு வருசம் பழசு. ஹோட்டல் அறையில வீடியோ ரேப்பைப் போட்டுப் பார்க்கேக்க ஜேம்ஸுக்கும் எங்களுக்கும் ஒரே நேரத்தில தெரியவருது, கொன்றது அவன்தான் எண்டு.

இதைத்தான் கனபேர் "இழப்பின் வலி", "காத்திருப்பின் காவியம்" எண்டெல்லாம் எழுதுகினம். எனக்கு ஏறுறது அதில. கிளிநொச்சியில ஏ9 வீதியோரம், கந்தசுவாமி கோயிலடியில, 2017 மாசி 20-ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டவையின்ர அம்மாமார் படங்களோட வந்து குந்தினவை. அவையளுக்குப் பதில் தெரியாது, அதால காத்திருக்கினம். ஜேம்ஸுக்குப் பதில் தெரியும். தெரிஞ்சும் தனக்கே ஒளிச்சு வைச்சுக்கொண்டு, தேடுறவன் மாதிரி ஊரெல்லாம் திரியிறான். உது காத்திருப்பு இல்லை. பதில் வைச்சிருக்கிறவன், பதில் கேக்கிறவன்ர முகத்தைப் போட்டுக்கொண்டு வாறது. அந்த விதத்தில பார்த்தா உந்தக் கேம் இன்னும் பயங்கரமானது, ஆனா ஜேம்ஸுக்காக நான் ஏன் அழவேணும்?

கேமுக்கே அதில தடுமாற்றம் இருக்கு. முடிவுகளில மேரியின்ர உண்மையான கடிதம் வாசிக்கப்படுது, அன்பும் மன்னிப்புமாக் கிடக்கு. செத்தவவைக் கொண்டே கொலைகாரனுக்கு ஆறுதல் சொல்ல வைச்சது எனக்குத் தொண்டைக்குள்ள இறங்கேல்லை. மேரி மாதிரியே வாற மரியா பாவம், அவன்ர குற்ற உணர்ச்சிக்காகத் திரும்பத் திரும்பச் சாகவே உருவானவ. ஊருக்குள்ள ஜேம்ஸ் சந்திக்கிற அஞ்செலா மட்டும் வேற. வீட்டுக்குள்ளயே தகப்பனால சிதைஞ்ச பிள்ளை. எரியிற படிக்கட்டில ஏறிப் போகேக்க ஜேம்ஸுக்குச் சொல்ல ஒரு வார்த்தையும் இல்லை, பேசாமல் நிக்கிறான். முழுக் கேமிலயும் அவன் நேர்மையா நிண்ட இடம் அதுதான். ரீமேக்கில அந்தக் காட்சிக்கு நடிப்பும் குரலும் பழசைவிட மேல.

(எல்லாத்துக்கும் பின்னால ஒரு நாய்தான் எண்டு பகிடிக்கு வைச்ச நாய் முடிவைப் பற்றி நான் எழுதமாட்டன். அது விமர்சனத்துக்கு அப்பாற்பட்டது.)

வாங்கிறவைக்கு ஒண்டு: தொடங்கேக்க சண்டைக்கும் புதிருக்கும் கடினத்தை வெவ்வேறயாத் தெரிவுசெய்ய விடுவாங்கள். சண்டையை ஆகக் குறைச்சு, புதிரை ஆகக் கூட்டி விடுங்கோ. என்ர மச்சான் மாறிச் செய்துபோட்டு, பாதியில வித்திட்டான். கொமென்ற்றில வாறவை ஜேம்ஸுக்காக வாதாடுறதெண்டா தாராளமா வாங்கோ, விடிய விடியக் கதைப்பம். "புரோ, ஃபைற் நல்லாத்தானே இருக்கு" எண்டு மட்டும் வராதேங்கோ.