தடுப்புச் சுவரை யார் கட்டுவது?

எங்கள் ஊர் அடிவார ரோட்டோரத்தில், மேட்டு மண் சரியாமல் தாங்கும் தடுப்புச் சுவர் வயிறு தள்ளி நிற்கிறது. சுண்ணாம்புக் காரை வைத்த பழைய கருங்கல் கட்டு. ஊராட்சியில் கேட்டால் ரோடு எங்களுடையது இல்லை என்கிறார்கள். ரோட்டுக்காரர்களிடம் போனால், சுவர், மேட்டில் நிலம் வைத்திருக்கும் மேல்காட்டுக்காரர் எல்லையில் இருக்கிறதாம். அவரோ, "எங்க அப்பாரு காலத்துல ரோட்டுக்காக மண்ணை வெட்டுனதே கவர்மெண்டுங்க, நான் எதுக்குக் கட்டோணும்?" என்கிறார். கேட்பது நியாயம்தானே? தேர்தலுக்குச் சின்னம் வரையும்போது மட்டும் இது யார் சுவர் என்று எவரும் கேட்டதில்லை.

பட்டாவைப் புரட்டும் முன், சுவர் எதைத் தாங்குகிறது என்று பாருங்கள். ரோட்டுக்குக் கீழே நின்று ரோட்டைத் தாங்கினால் அது ரோட்டைச் சேர்ந்தது. மேலே நின்றால், மண்ணை வெட்டியது யார் என்று பார்க்க வேண்டும். ரோட்டுக்காக வெட்டியிருந்தால் செலவும் ரோட்டுக்காரர்களுடையது. காட்டுக்காரரே மண் கொட்டி மேடாக்கியிருந்தால் அவர் தப்பிக்க முடியாது. ஊராட்சிச் சாலையா, பராமரிப்பு 1994 ஊராட்சிகள் சட்டப்படி கிராம ஊராட்சியின் தலையில். மாவட்ட முக்கியச் சாலையா, நெடுஞ்சாலைத் துறை. சர்வேயர், நில எல்லைகளைக் காட்டும் புலப்படத்தோடு வந்து அளந்தால் எல்லைச் சண்டையும் தீரும்.

அப்புறம், இந்த மாதிரிச் சுவரைத் தள்ளுவது பெரும்பாலும் தண்ணீர்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் பின்பக்க மண் ஊறும். தண்ணீர் வெளியேற விட்ட துளைகள் அடைபட்டால் மண்ணின் பாரத்தோடு தண்ணீரின் அழுத்தமும் சேரும். இங்கே மேல் துளைகளில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. கீழ் வரிசை தாருக்கு அடியிலேயே போய்விட்டது. பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவிட்டார். இங்கே அதற்கு முன்பே அடுக்கடுக்காகப் போட்டு ரோட்டை உயர்த்திவிட்டார்கள். அந்தத் துளைகளை மூடியது மேல்காட்டுக்காரரா?

2019 டிசம்பர் 2 அதிகாலை, மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் சுவர் இடிந்து வீடுகள் மேல் விழுந்து 17 பேர் இறந்தார்கள். அது தனியார் சுற்றுச்சுவர், விவகாரமே வேறு. ஆனால் ஊறிய சுவர் ஆள் பார்த்து விழாது.

அதனால் ரோட்டைப் பராமரிப்பவர்கள் முதலில் கட்டட்டும். மேல்காட்டுக்காரர் பங்கு இருந்தால் பிறகு வசூலிக்கட்டும். அதுவரை துளைகளைக் குத்தித் திறந்து, சாக்கடை மண்ணை வாரி, சுவரோரம் பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகளை எதிர்ப்பக்கம் நிற்க வைக்கலாம். இதற்கு எந்தத் துறையின் அனுமதியும் எஸ்டிமேட்டும் தேவைப்படாது.

அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் கொண்டுவருகிறோம். ஊர்க்காரர்கள் வந்து கையெழுத்துப் போடுங்கள். மேல்காட்டுக்காரரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.