கழற்றி எறிவதற்கு முன் அந்தக் குழாய் என்ன செய்கிறது என்று பாருங்கள்

பழைய பைக் வைத்திருக்கும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "எஞ்சின் தலைமேல் இருக்கிற அந்தப் புகைக்கட்டுப்பாட்டுச் சாமானையெல்லாம் கழற்றிவிட்டால் பிக்கப் ஏறுமா?" என்பதுதான். ஏறாது. எனக்கு இதில் துளியும் சந்தேகம் இல்லை.

அமெரிக்காவில் 1978 மாடலிலிருந்து மோட்டார் சைக்கிள் புகைக்கு வரம்பு வந்தது, 1980-ல் அது இன்னும் இறுகியது. அதைச் சமாளிக்கக் கம்பெனிகள் இரண்டு வேலை செய்தன. ஒன்று, கார்புரேட்டரில் பெட்ரோலைக் குறைத்து, ஐடிலிங்கில் பெட்ரோல் கலவையைக் கூட்டிக் குறைக்கும் பைலட் ஸ்க்ரூவை யாரும் திருகாதபடி மேலே ஒரு பித்தளை மூடி அடித்து வைத்தது. இன்னொன்று ரீட் வால்வு, அதாவது காற்றை ஒரே பக்கமாக மட்டும் விடும் தகடு வால்வு. சைலன்சர் குழாயில் புகை விட்டுவிட்டுத்தான் போகிறது, ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவில் ஒரு சின்ன உறிஞ்சல் உண்டாகும், அந்த நொடியில் வால்வின் மெல்லிய தகடு திறந்து ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து கொஞ்சம் காற்றை எக்ஸாஸ்ட் வாய்க்குள் விடும், எரியாமல் வந்த பெட்ரோலும் கார்பன் மோனாக்ஸைடும் அந்தச் சூட்டில் அங்கேயே எரிந்துபோகும். சுஸுகி இதை 'பேர்' (PAIR) என்றது, யமஹா 'ஏஐஎஸ்' (AIS) என்றது, வேலை ஒன்றுதான். பம்பும் கிடையாது, பெல்ட்டும் கிடையாது. சிலிண்டரை விட்டு வெளியே வந்துவிட்ட புகையில் நடக்கிற காரியம் எஞ்சின் பலத்தை எப்படித் தின்னும்?

பைக் திணறுவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த முதல் வேலை, அதாவது குறைத்து வைத்த பெட்ரோல். ஆனால் பித்தளை மூடி கண்ணில் படாது, ரீட் வால்வுக்குக் காற்று கொண்டுபோகும் குழாய்தான் படும், பழியும் அதன்மேல்தான் விழும்.

நான் வாங்கிய பழைய நாலு சிலிண்டர் பைக்கில் முன்பு வைத்திருந்தவர் எல்லாவற்றையும் கழற்றியிருந்தார். ஆக்ஸிலரேட்டரை விட்டால் ஆர்பிஎம் சட்டென்று இறங்காமல் தொங்கும், அப்புறம் சைலன்சரில் பட்பட்டென்று வெடிக்கும். இரண்டு தடவை கார்புரேட்டரை இறக்கிச் சுத்தம் செய்தேன், ஒன்றும் மாறவில்லை. கடைசியில் எஞ்சினுக்குள் கலவை போகும் இன்டேக் குழாயில், கழற்றிய சாமானின் வேக்குவம் (உறிஞ்சல்) ஹோஸ் மாட்டும் முனைக்குப் போட்டிருந்த சின்ன ரப்பர் மூடியை நகத்தால் வளைத்துப் பார்த்தேன். மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல மூடி. வளைத்ததும் ஒரு மயிரிழை வெடிப்பு வாயைத் திறந்தது. அந்த வழியாகத்தான் காற்று திருட்டுத்தனமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.

அதனால் கழற்றியே ஆக வேண்டும் என்றால் அரைகுறையாகச் செய்யாதீர்கள். சிலிண்டர் ஹெட்டில் அந்தக் காற்று நுழையும் ஓட்டையைப் புது கேஸ்கட்டோடு தகடு போட்டு மூட வேண்டும், வேக்குவம் முனையை மூட வேண்டும், ஏர் ஃபில்டர் பெட்டியில் மிச்சமாகும் ஓட்டையையும் மூட வேண்டும், இல்லாவிட்டால் தூசி நேராக எஞ்சினுக்குள் போகும். ஆனால் கிராங்க்கேஸ் பிரீதர் குழாயை, அதாவது எஞ்சினின் அடிப்பெட்டி மூச்சுவிடும் குழாயை மட்டும் இந்தக் கூட்டத்தில் சேர்த்து அடைத்துவிடாதீர்கள். பிஸ்டன் இறங்கும்போது உள்ளே சேரும் அழுத்தம் போக வழியில்லாமல் ஆயில் சீலைத் தள்ளிவிடும். பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பா இருக்கும் பைக்கில் டேங்கின் மூச்சுக்குழாயை அடைத்தால் கொஞ்ச தூரம் ஓடி பெட்ரோல் இறங்காமல் நின்றுவிடும், நீங்கள் கார்புரேட்டரைத்தான் திட்டிக்கொண்டிருப்பீர்கள். சாலையில் ஓட்டும் வண்டியில் இதைக் கழற்றுவது அமெரிக்காவில் சட்டவிரோதம், உங்கள் ஊரில் என்ன விதி என்று முதலில் பாருங்கள்.

நான் சொல்வது, கழற்றுவதற்கு முன் சோதித்துப் பாருங்கள். வால்வைக் கழற்றித் துடைத்துவிட்டு, காற்று வரும் பக்கத்திலிருந்து வாயால் ஊதினால் போக வேண்டும், எக்ஸாஸ்ட் பக்கத்திலிருந்து ஊதினால் போகக் கூடாது. இரண்டு பக்கமும் போனால் தகடு கெட்டுவிட்டது, சூடான புகை திரும்பி வந்து ஹோஸைக் கருக்கிக்கொண்டிருக்கும். பெட்ரோல்-காற்றுக் கலவையைப் புகை மீட்டர் வைத்து சரிசெய்யும்போது மட்டும் இந்தக் காற்று வழியைத் தற்காலிகமாக அடைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கூடுதல் காற்று கலந்து மீட்டர் தப்பாகக் காட்டும்.

என் பைக்குக்குப் பழைய வால்வு ஜோடி ஒன்று தேடிப் பிடித்து, புது ஹோஸ் போட்டுத் திரும்ப மாட்டிவிட்டேன். பைலட் ஸ்க்ரூவைச் சரியாக வைத்தபின் ஓட்டத்தில் எந்தக் குறையும் இல்லை. முன்பெல்லாம் ஐடிலிங்கில் விட்டுப் பின்னால் நின்றால் எரியாத பெட்ரோல் வாடை மூக்கில் ஏறும், இப்போது அது நன்றாகக் குறைந்திருக்கிறது.